வாய்விலை கைவிலையாகும் விதம்: பொல்பிட்டிய வட்டாரத்தில் ஒரு நீர்மின்னியல் ஆய்வு

கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பொல்பிட்டியவில் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அந்தத் தண்ணீருக்குக் களனி கங்கை என்று பெயர். அங்கேயே 1969 முதல் ஒரு நீர்மின் நிலையமும் ஓடுகிறது. வீட்டு விலையை ஆராய இதைவிடத் தோதான களம் இலங்கையில் இல்லை என்பது நம் துணிபு. நீர்மின்சாரத்துக்கும் வீட்டு வியாபாரத்துக்கும் அடிப்படை விதி ஒன்றே: உயரத்தில் இருப்பது கீழே இறங்கினால்தான் காரியம் நடக்கும். வீட்டுக்காரர் சொல்வதை வாய்விலை என்றும், கடைசியில் எண்ணிக் கொடுக்கப்படுவதைக் கைவிலை என்றும் இக்கட்டுரை குறிக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள செங்குத்து உயரமே ஆய்வுப்பொருள்.

வாய்விலை வீட்டிலிருந்து பிறப்பதில்லை. கினிகத்தேனையில் பெரியம்மா மகன் தன் வீட்டை விற்றதாகச் சொன்ன தொகை, கொழும்பில் ஒரு பேர்ச் போகிற விலை, மகளின் கல்யாணச் செலவு, மகனை வெளிநாடு அனுப்ப ஏஜென்சி கேட்கும் பணம் ஆகிய நான்கையும் கூட்டி, கேட்பவர் குறைக்கப்போவதை முன்கூட்டியே சேர்த்தால் வாய்விலை கிடைக்கும். இதில் கடைசி உறுப்பு கவனத்துக்குரியது. குறைப்பார்கள் என்று கூட்டிச் சொல்வது. கூட்டித்தான் சொல்வார்கள் என்று குறைத்துக் கேட்பது. இந்த அறிவு இரு தரப்புக்கும் சமமாக இருப்பதால் யாருக்கும் இலாபமில்லை, தேநீர்ச் செலவுதான் மிச்சம். சற்றுக் கீழே கித்துல்கலவில் 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தைப் பிடித்தார்கள். அந்தப் பாலம் வெடித்ததைத் தாத்தா நேரில் பார்த்தார் என்பதற்காகவும் இரண்டு இலட்சம் ஏற்றும் வீட்டுக்காரர் தோன்றினால் ஆய்வாளர் வியக்கக் கூடாது.

மலைச்சரிவில் உண்மையான செலவு வேறெங்கோ கிடக்கிறது: தடுப்புச் சுவரில். அத்திவாரத்துக்கு முன்பே மண்ணை வெட்டி, கருங்கல் அடுக்கி, தண்ணீர் வடியக் குழாய் வைத்துக் கட்டும் அந்தச் சுவர் வீட்டுக்காரரின் சேமிப்பில் பெரும்பங்கை விழுங்கிவிடும். வாங்க வருபவரோ தரை ஓடுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரைக் கண்டதும் “அப்ப இங்க மண் சரியுமா?” என்று விலையைக் குறைக்கிறார். சுவர் இல்லாவிட்டாலும் குறைப்பார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் இருந்தால் இந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடும். குளியலறைக்குப் புதுக் கண்ணாடி மாட்டும் வீட்டுக்காரர்கள் இந்தத் தாளைத் தேடிப் போவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். பக்கத்து வீடு போன விலையை அறிய மூன்று வழிகள். மூன்றும் வேறு வேறு விடை தரும். விற்றவர் கூட்டிச் சொல்வார். வாங்கியவர், உறவினர் கடன் கேட்டு வந்துவிடுவார்களோ என்று குறைத்துச் சொல்வார். உறுதியில் எழுதப்பட்டதோ இன்னொன்று: காணி விற்பனையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் வழக்கம், முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு 4 என்பதால் உறுதியில் விலை சுருங்கிப்போவதும் வழக்கம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் மட்டும் யாருக்கும் சொந்தக்காரர் அல்ல. அவர் சந்தை மதிப்பு என்று ஒன்றும், அவசர விற்பனை மதிப்பு என்று அதைவிடத் தாழ்ந்த ஒன்றும் எழுதுவார். இரண்டாவது எண்ணைப் பார்த்த அன்று வீட்டுக்காரர் சாப்பிடமாட்டார். ஆனால் வங்கிக் கடனை நம்பி வருபவரின் கை எட்டும் உயரம் அதையொட்டித்தான்.

இனி தரகர். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தையும், பிறகு பழைய லக்ஷபானவையும், கடைசியாகப் பொல்பிட்டியவையும் சுற்றவைக்கிறது. தண்ணீர் ஒன்று, மின்நிலையம் மூன்று. நம் வட்டாரத்துத் தரகு முறைக்கும் இதுவே கோட்பாடு. வீட்டுக்காரர் முச்சக்கரவண்டித் தம்பியிடம் சொல்ல, அவர் ஹட்டன் தரகரிடம் சொல்ல, அவர் கொழும்புத் தரகரிடம் சொல்ல, ஆள் கிடைக்கிறார். உறுதி எழுதும் நாளில் மூவரும் நொத்தாரிசு அலுவலக விறாந்தையில் நிற்பார்கள். பொல்பிட்டியவுக்குக் கீழே புரோட்லண்ட்ஸ் என்று 35 மெகாவாட்டில் இன்னொன்றும் வந்துவிட்டதல்லவா, அதைப்போல நான்காமவர் ஒருவரும் வருவார்: “அந்த ஐயாவுக்கு வழி காட்டினதே நான்தானேங்க.” ஒருவரிடம் மட்டும் கொடுத்து, கமிஷன் இவ்வளவு, இத்தனை மாதத்துக்கு என்று தாளில் எழுதிக்கொண்டால் மற்ற நிலையங்கள் தாமாகவே நின்றுவிடும்.

தரகர் விலையைக் குறைக்கச் சொன்னால் அவர் வாங்குபவரின் ஆள் என்று சந்தேகிப்பது மரபு. கணக்கு வேறு சொல்கிறது. நூற்றுக்கு 3 கமிஷனில் ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு அவருக்கு 300,000. ஐந்து இலட்சம் குறைத்து விற்றால் அவருக்கு நட்டம் 15,000; வீட்டுக்காரருக்கு 485,000. ஆகவே அவர் அவசரம் அவருக்கு நியாயம். ஆனால் பத்து மாதமாக ஒருவரும் திரும்பி வராத வீட்டைப் பற்றி அதே ஆள் அதையே சொன்னால், பக்கச்சார்பு இருந்தாலும் அது உண்மைதான். விலையைப் பற்றி வீட்டுக்காரரிடமும் வீட்டைப் பற்றி வாங்குபவரிடமும் மறைக்காமல் பேசும் தரகருக்கு மூன்று வீதம் மலிவு என்பது என் கட்சி. அவரை இனங்காண ஒரு சோதனை உண்டு. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். “பெப்ரவரியில வாங்க, வெயிலா இருக்கும்” என்பவர் சராசரித் தரகர். “ஜூலையில ஒருதரம் வந்து கூரையப் பாத்துட்டுப் பேசுங்க” என்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆய்வின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இந்த வாய்பாடு எதுவும் லயத்துக்குப் பொருந்தாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. அதை ஒட்டித் தன் காசில் இறக்கிய சமையலறை. இஸ்தோப்புக்குப் போட்ட சீமெந்துத் தரை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு வாய்விலை சொல்ல வாய் இருக்கிறது, உறுதி இல்லை. காணி அரசாங்கத்துடையது, தோட்டத்தை 1992இலிருந்து கம்பெனிகள் நடத்துகின்றன, குத்தகை 53 வருடம். ஏழு பேர்ச்சில் 550 சதுர அடி என்று வந்த இந்திய வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றலாம். வரிசையின் ஓரத்துத் தொங்கல் காம்பராவுக்கு ஒரு தரகர் வந்தால் பேச்சு இப்படிப் போகும்:

“பக்கத்துல எடம் இருக்கு, தோட்டம் போட்டிருக்கீங்க, நல்ல வெலைக்குப் போகுமே அண்ணே. உறுதி யாரு பேர்ல?”

“தொரைகிட்டதான் கேக்கணும் தம்பி.”

“தொரை பேர்லயா?”

“அவரு கம்பெனிகிட்ட கேக்கணும். கம்பெனி அரசாங்கத்துகிட்ட கேக்கணும்.”

“அப்ப கமிஷனை நான் யாருகிட்டண்ணே கேக்குறது?”