குட்டி புல்லட், கெட்டி விலை

கேள்வி: ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கும் பொம்மை புல்லட் இருக்கிறது, 67,990 ரூபாய்க்கும் வந்தது. எதை வாங்கலாம்?
- வாசகர், பொன்மலை

பதில்: ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினே செய்து அனுப்பிய பணிமனை ஊர்க்காரரல்லவா நீங்கள், தராசில் வைத்தே பார்த்துவிடுவோம். 67,990 ரூபாய்க்கு ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட அந்த கிளாசிக் 500 மாடல், அசலில் மூன்றில் ஒரு பங்கு அளவு, எடை 8.5 கிலோ. நீளம் மூன்றில் ஒன்றானால் எடை 27-ல் ஒன்றாக வேண்டும். அசல் வண்டி சுமார் 195 கிலோ என்பதால் ஏழு கிலோ சொச்சம் போதும். ஆக, குட்டி கொஞ்சம் கொழுகொழு. விலையோ கிலோ எட்டாயிரம் ரூபாய். அசல் வண்டியே கிலோ ஏறக்குறைய ஆயிரத்துக்குத்தான் போனது! 'கைவேலை சார், நூற்றுக்கணக்கான பாகங்கள்' என்பீர்கள். நியாயம்தான், காசு உலோகத்துக்கல்ல, அதைக் கோத்த விரல்களுக்கு. ஆனால் சில நூறு ரூபாய்க்கு வரும் பதினெட்டில் ஒரு பங்கு பொம்மையில் செயின் கண்ணியை யார் எண்ணப்போகிறார்கள்? அங்கே மலிவு குற்றமில்லை. ஏமாற்று நடப்பது நடுவில்: அளவைச் சொல்லாமல், கிட்டத்தில் எடுத்த படத்தைப் போட்டு இரண்டாயிரம் கேட்கும் இடத்தில். படத்தை விடுங்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள். பின்னால் விலை ஏறுமே என்றால், பெட்டியைப் பிரிக்காதவருக்கு ஏறலாம். வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் சில நூறு ரூபாய் வண்டியே வாங்குங்கள். இரண்டில் உருட்டி விளையாட ஏற்றது அது ஒன்றுதான்.