படிக்காதவரும் பேசிவிடும் கேள்வி

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்து ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. விவாதக் கேள்விகள் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில். போன கூட்டத்தில் “நாவல் எப்படி?” என்று கேட்டேன். “அருமை” என்றார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது. என்னதான் கேட்பது?

பதில்: டீயைக் குறை சொல்லாதீர்கள், அது சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. “எப்படி?” என்பதற்கு “அருமை”யே முழுமையான பதில். “நாயகி கங்காவின் அண்ணன் பெயர் என்ன?” என்று கேட்டால் கணேசன் என்பார்கள், அதோடு முடிந்தது. “பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்றால் பேச்சு ஓயாதுதான், ஆனால் புத்தகத்தைத் தொடாதவர்தான் அதிகம் பேசுவார். “கங்காவின் அம்மா கனகம் செய்தது தவறுதானே?” என்பதோ வால்பகுதியில் கேள்விக்குறி ஒட்டிய தீர்ப்பு. நல்ல கேள்விக்குப் பல பதில்கள் இருக்கும், ஆனால் ஒவ்வொரு பதிலும் நாவலுக்குள் போய்த்தான் திரும்பி வர முடியும். இந்த நாவலே அப்படியொரு கேள்வியில் பிறந்தது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், காரில் வந்தவனிடம் தன்னை இழந்து வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தன் தாயை மாற்றிப் பார்த்தார்: அவள் கத்திக் கூச்சல் போட்டிருந்தால்? 1970இல் புத்தகமாக வந்த நாவல் அந்தக் கேள்வியின் விரிவு. ஆகவே நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்: கங்காவின் வாழ்க்கை அந்த ஒரு இரவில்தான் தடம் மாறியதா, அம்மா வாயை மூடியிருந்தாலும் அந்த வீடும் ஊரும் அவளை அங்கேதான் கொண்டு போயிருக்குமா? அம்மா அலறியதால்தானே அண்ணனுக்குத் தெரிந்தது என்பார் ஒருவர். துரத்தியது அண்ணன், அவர் நிழலில் வாழும் கனகத்துக்கு என்ன அதிகாரம் என்பார் இன்னொருவர். இருவருக்கும் நாவலில் சாட்சி உண்டு.

கேள்வி: அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் சரி என்று ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக வீட்டுக்குச் சுவரே இல்லை என்று அர்த்தமில்லை. காரில் வந்த பிரபு வெறும் வில்லன் என்று ஒருவர் சாதிக்கட்டும். கங்காவோடு பழகிய பிறகு மாறி, கடைசியில் தானாகவே விலகிப்போகும் பிரபுவுக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும். பிரபு திருந்திய உத்தமர் என்பவரோ, அந்த விலகலுக்குப் பின் கங்கா என்ன ஆகிறாள் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நாவலின் எந்தப் பகுதியை ஒளித்துவைத்தால்தான் ஒரு பதில் நிற்குமோ, அது பலவீனமான பதில். இதைச் சொல்லிக் காட்டப் பொறுப்பாளர் நீதிபதியாக வேண்டியதில்லை. “எந்த இடத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்ற ஒற்றைத் துணைக்கேள்வி போதும்.

கேள்வி: இவ்வளவு கனமாகக் கேட்டால் எல்லோரும் மௌன விரதம் இருப்பார்கள். ஆசிரியரே கதை மூலம் தன் முடிவைச் சொல்லிவிட்ட பிறகு நாம் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

பதில்: முதல் பாதி நியாயம். மௌனத்தைக் கலைக்க ஒரு தகவல் கேள்வியை முன்னால் அனுப்புங்கள்: பிரபுவைத் தேடும்படி கங்காவைத் தூண்டிய பேச்சு யாருடையது? வெங்கு மாமா என்று எல்லோரும் சொல்வார்கள். வாய் திறந்ததும் அடுத்ததைக் கேளுங்கள்: அப்படியானால் கங்கா தேடிப்போனது தனக்காகவா, மாமாவிடமிருந்து தப்பவா, அவரை ஜெயிக்கவா? இரண்டாம் பாதியை ஒப்ப முடியாது. ஆசிரியர் தன் முடிவைச் சொல்லிவிட்டார் என்றால் எந்த முடிவு? சிறுகதையில் ஒரு தாய், நாவலில் நேர்மாறான தாய். நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் அந்தச் சிறுகதையை எழுதியிருக்க, அதைக் கங்கா படிக்கிறாள். 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்த பிறகாவது விட்டாரா? ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவல் எழுதினார், தலைப்பே கேள்வி! அவர் மூடாத வழக்கை நாம் ஏன் மூட வேண்டும்? ஐந்து கேள்விகள் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரெதிரான இரண்டு பதில்களைப் பக்க எண்ணோடு நீங்களே எழுதிப் பாருங்கள். ஒன்றுதான் வருகிறதென்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். இரண்டும் வந்தால், டீயைக் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.