துப்பாக்கி மேல் குற்றமில்லை

என்னிடம் ஓர் ஏர் ரைஃபிள் இருக்கிறது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றிச் சுடுகிற சாதாரண ரகம். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், ஆற்றல் 20 ஜூலுக்குள். அதனால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. அதன்மேல் ஸ்கோப் மாட்டவும் உரிமம் வேண்டாம் என்று விட்டார்களே, அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. பரீட்சை ஏதாவது வைத்திருந்தால் ஆரம்பத்திலேயே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பொள்ளாச்சியில் என் மாமனார் தோப்பு மண்மேடும் இத்தனை ஈயம் தின்றிருக்காது.

ஸ்கோப்புக்குத் தாராளமாகச் செலவழித்தவன், அதைத் துப்பாக்கியோடு பிணைக்கிற மவுண்டுக்கு வந்ததும் கணக்குப் பார்த்தேன். பட்டுச்சேலை எடுத்துவிட்டு ரவிக்கைத் துணிக்குப் பேரம் பேசுகிற புத்தி. இருப்பதிலேயே மலிவான ஜோடிக்கு ஆர்டர் போட்டேன். வந்தது பிக்காட்டினி ரகம். குறுக்கே பள்ளம் பள்ளமாக வெட்டிய, சுமார் 21 மில்லிமீட்டர் அகலமுள்ள ரெயிலைக் கவ்வுவதற்கானது அது. என் துப்பாக்கியின் முதுகில் இருப்பதோ 11 மில்லிமீட்டர் டவ்டெயில். ஸ்கேல் வைத்து அளக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது.

அடுத்த ஜோடியை அகலம் பார்த்து வாங்கினேன். உயரம் பார்க்கவில்லை. என் ஸ்கோப்பின் முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். பட்டப்பகலில் இருபது மீட்டர் தள்ளி நிற்கும் தகர டப்பாவைப் பார்க்க 32 மில்லிமீட்டரே தாராளம். ஆனால் பெரிதாக இருந்தால்தானே பார்ப்பவர்கள் மதிப்பார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடி குழலில் இடித்துவிடுமே என்று பயந்து, கடையில் இருந்ததிலேயே உயரமான ரிங் மவுண்டை எடுத்தேன். கன்னம் கட்டையில் அழுந்திப் பதிந்தால்தான் ஒவ்வொரு தடவையும் கண் ஒரே இடத்துக்கு வரும். எனக்குத் தாடை நுனிகூடத் தொடவில்லை. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமனார் இளநீர் கொண்டுவந்தார்.

“ஏனுங்க மாப்ள, செவுத்துக்கு அந்தப் பக்கம் யாராச்சும் நிக்கறாங்களா?”

கழுத்து வலியோடு போனாலும் பரவாயில்லை. ஸ்கோப் குழலுக்கு மேலே ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கிட்டத்தில் குண்டும் ஏறக்குறைய அந்த அளவுக்குத் தாழத்தான் போகும். ஐந்து மீட்டரில் டப்பாவின் நடுவைக் குறிவைத்தேன். டப்பாவின் காலடியில் மண் பறந்தது.

முன்னே பின்னே நகர்த்திக் கண்ணுக்குத் தோதாக வைப்பதும் ஒரு கலை. ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கட்டையில் கன்னம் வைத்த பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். வட்டம் முழுசாகத் தெரிந்தால் அதுதான் இடம். நான் வீட்டுக் கூடத்தில் விறைப்பாக நின்றுகொண்டு, எப்படிப் பார்த்தாலும் தெரிகிற குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்த்து, பிரமாதம் என்று திருகிவிட்டேன். தோப்பில் குப்புறப் படுத்தால் தலை தானாக முன்னே போகிறது. பாதி வட்டம் இருட்டு.

எல்லாவற்றுக்கும் சிகரம், மவுண்டின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன முளை. ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு தடவை உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் முட்டி நிற்கிற கணத்தில் முன்னால் வெட்டி இழுக்கும். இரண்டாவதுதான் கடுமை. துப்பாக்கி முன்னால் துள்ள, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். விளைவாக, சுடச்சுடப் பின்னால் ஊர்ந்து வரும். பெரிய வேட்டைத் துப்பாக்கியில் தாக்குப்பிடிக்கும் ஸ்கோப்கூட ஏர்கன்னில் உள்ளே கழன்று போவது இந்த இருபக்க உதையால்தான். ஊர்வதைத் தடுக்கத்தான் முளை. பின்பக்க மவுண்டிலிருந்து இறங்கி, ரெயிலில் இருக்கும் துளைக்குள் உட்கார வேண்டும்.

நான் யோசித்தேன். துப்பாக்கி என்றால் பின்னால் உதைக்கும். அப்படியானால் ஸ்கோப் முன்னால்தானே ஓடும்? ஆகவே முளையை உள்ளே திருகி ஒதுக்கிவிட்டு, தனியாக ஒரு தடுப்புக்கட்டை வாங்கி மவுண்டுக்கு முன்னால் வைத்தேன். நான் பி.எஸ்சி. பௌதிகம் என்பதை இந்த இடத்தில் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

குண்டுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. காற்றைக் குறை சொன்னேன். வேறு பெல்லட் வாங்கினேன். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று மைத்துனனிடம் அடித்துப் பேசினேன். ஒருநாள் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: முன் மவுண்டுக்கும் தடுப்புக்கட்டைக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி; கறுப்பு ரெயிலில் அந்த நீளத்துக்குப் பளபளவென்று வெள்ளைக் கீறல்.

உடனே கோபம் திருகுகள் மேல் பாய்ந்தது. ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டு அங்குல-பவுண்டு முறுக்கு போதும். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாலே வந்துவிடும். நான் நீளப் பக்கத்தில் இரும்புக் குழாயைச் செருகித் திருகினேன். ஒரு திருகின் தலை வழுக்கிப் போனது, ஸ்கோப்பின் குழாயில் ரிங்கின் தடம் பள்ளமாகப் பதிந்தது. “இத்தினியூண்டு ஸ்க்ரூவுக்கு எதுக்குங்ணா இவ்ளோ பலம்?” என்று கேட்டுக்கொண்டே லேத் பட்டறைத் தம்பி அதைக் குடைந்து எடுத்தார்.

குறுக்குக்கோடு சாயாமல் இருக்க, மோட்டார் ரூம் சுவரின் விளிம்பைப் பார்த்து நேர் செய்தேன். பிற்பாடு மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்ததில், சுவர் சாய்ந்திருப்பது தெரிந்தது. மாமனார் அதைக் கட்டிய கொத்தனாரைத் திட்ட ஆரம்பித்ததில், நான் தப்பித்தேன்.

கிளிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக், 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். பத்து மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஏழு சென்டிமீட்டர் தாழ்ந்த குண்டை மேலே கொண்டுவர நூறு கிளிக்குக்குப் பக்கம் திருக வேண்டும். நான் திருகிய திருகில் குமிழ் முட்டி நின்றுவிட்டது. மடக்குக் குழல் துப்பாக்கிகளில் குழல் நுனி கொஞ்சம் தாழ்ந்திருப்பது சகஜம். பின்பக்க ரிங்கின் அடியில் பழைய பிலிம் நெகட்டிவில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் தீர்ந்தது. இத்தனை ரகளையில் எனக்கு உருப்படியாக அமைந்தது அந்தப் பிலிம் துண்டு ஒன்றுதான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில். அதில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர். ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. மைத்துனன் இதை எனக்குச் சொல்லாத விருந்து கிடையாது.

தோப்புக்கு மயில்களும் வரும். அவற்றைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் என் ஸ்கோப்பால் அவற்றுக்கு ஆபத்து இருந்திருக்காது. மண்மேட்டுக்குப் பக்கத்திலேயே மேய்ந்து, என் சோலியைக் கெடுக்கும்.

இப்போது நடுத்தர உயரத்தில், ஒரே துண்டாக வந்த மவுண்ட் போட்டிருக்கிறேன். முளை பின்பக்கத் துளையில் இருக்கிறது. குண்டு சொன்ன இடத்துக்குப் போகிறது. பிக்காட்டினி ரிங் ஒரு ஜோடி, உயரமான டவ்டெயில் ரிங் ஒரு ஜோடி, ஒரு தடுப்புக்கட்டை எல்லாம் வீட்டில் சும்மா கிடக்கின்றன. வேண்டியவர்கள் காசு தர வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம். வருவதற்கு முன் உங்கள் ரெயிலை மட்டும் அளந்துவிட்டு வாருங்கள்.