டி-ஷர்ட் சோறு போடும்

கேள்வி: இரும்புக்கை மாயாவி மாதிரி இல்லாமல், எங்கள் கல்வராயன் மலை மக்களை வைத்துச் சித்திரக்கதை வரைய ஆசை. முன்னோடி யாராவது உண்டா? வீட்டில் குரூப் 4-க்குப் படிக்கச் சொல்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், கச்சிராயப்பாளையம்

பதில்: உண்டு. ஒரிஜித் சென். கல்கத்தாவில் பிறந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர். நர்மதை அணைக்காகத் துரத்தப்பட்ட பழங்குடிகளோடு பழகி, 1994-இல் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ என்று கறுப்பு வெள்ளையில் ஒரு நூல் போட்டார். அணையைச் சாடும் அந்தப் புத்தகத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே நிதி உதவியது! (விண்ணப்பத்தை யாரும் முழுசாகப் படிக்கவில்லை என்பது என் ஊகம்.) இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்று இப்போது கொண்டாடுகிறார்கள். நடுவில் வருடக்கணக்கில் பிரதியே கிடைக்கவில்லை. 2022-இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம்தான் மீண்டும் அச்சிட்டது.

அதுவரை சாப்பாட்டுக்கு? மனைவி குர்ப்ரீத் சித்துவோடு டெல்லியில் ‘பீப்பிள் ட்ரீ’ என்ற கடை. டி-ஷர்ட், கைவினைப் பொருள் விற்றார்கள். பஞ்சாபில் ஆனந்த்பூர் சாகிப் அருங்காட்சியகத்துக்குப் பிரம்மாண்டமான சுவரோவியமும் செய்தார். காமிக்ஸ் பெயர் வாங்கித் தந்தது. பில் கட்டியது மற்றதெல்லாம்.

உங்களுக்குக் கதைப் பஞ்சமே இல்லை. நாடு சுதந்திரம் அடைந்தும் 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. எந்த மாயாவி கதையிலும் இவ்வளவு திருப்பம் கிடையாது. தாத்தாக்கள் இருக்கும்போதே நோட்டும் பென்சிலுமாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுங்கள். வீட்டில் கேட்டால், பொது அறிவுக்குக் குறிப்பெடுக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.