உச்சி வெயில் எறும்பும் பெயர் வைத்த வைத்தியர்களும்

பாலைவன எறும்பைப் பற்றி முதலில் புளுகியவர் ஹெரோடோட்டஸ். வரலாற்றின் தந்தை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அவரேதான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு கதை விடுகிறார். இந்தியாவின் வடக்கே ஒரு மணற்காடு. அங்கே நரியைவிடப் பெரிதாக, நாயைவிடச் சிறிதாக எறும்புகள். அவை வளை தோண்டும்போது தங்கப்பொடி கலந்த மண்ணை வெளியே தள்ளும். இந்தியர்கள் மூன்று ஒட்டகங்களைப் பூட்டிக்கொண்டு போவார்களாம். இரண்டு பக்கமும் ஆண், நடுவில் அண்மையில் குட்டி போட்ட பெண். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் எறும்பெல்லாம் வளைக்குள் பதுங்கியிருக்கும். அந்தச் சமயம் பார்த்துப் பையை நிரப்பிக்கொண்டு ஓட்டம் பிடிப்பார்கள். மோப்பம் பிடித்து எறும்புப் படை துரத்தும். ஆண் ஒட்டகங்கள் தளர்ந்துவிட, குட்டி நினைப்பில் பெண் ஒட்டகம் மட்டும் நிற்காமல் ஓடுமாம். நம்பாதவர்களுக்காக, பாரசீக மன்னரிடமே அப்படிப் பிடிபட்ட எறும்புகள் இருப்பதாக ராஜாவையும் சாட்சிக்கு இழுத்துவிடுகிறார்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மகாபாரதத்தின் சபா பர்வத்தில் தருமனுக்கு வந்து குவிந்த சீர்வரிசையைத் துரியோதனன் வயிற்றெரிச்சலோடு பட்டியல் போடுகிறான். அதில் எறும்புகள் திரட்டிய பொன்னும் ஓர் அயிட்டம். அது எறும்பே இல்லை, தியோசாய் பீடபூமியில் வளை தோண்டும் மர்மோட் என்கிற கொழுத்த பிராணி என்று மிஷேல் பெய்ஸல் என்ற பிரெஞ்சுக்காரர் பின்னால் வந்து சொன்னார். சொல்லட்டும். ஹெரோடோட்டஸின் அளவுகளை மன்னித்துவிடலாம். வெளிநாட்டுச் செய்தி, நாலு பேர் வாய் மாறி வந்தது. மன்னிக்க முடியாதது நேரக் கணக்கு. வெயில் ஏறினால் எறும்பு உள்ளே போய்விடும் என்று நம்பி நிஜமான பாலைவன எறும்பிடம் யாராவது போயிருந்தால், அத்தனை எறும்பும் வாசலிலேயே எதிர்ப்பட்டிருக்கும். பல்லி, பாம்பு, மனிதன் என்று சுரணை உள்ள எல்லாரும் நிழலுக்கு ஓடியபிறகு வேலைக்குக் கிளம்புவதுதான் அதன் பிழைப்பு. சூட்டில் சுருண்டு விழுந்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பும். வரிசை கிடையாது, வாசனைத் தடம் கிடையாது. தனி ஆள்.

இந்த எறும்புக்கு இன்றைய பெயர் கேட்டகிளிஃபிஸ். போர்ச்சுகல், ஸ்பெயினில் தொடங்கி வட ஆப்பிரிக்கா, பால்கன், அரபு நாடுகள், ஈரான், மத்திய ஆசியா என்று மங்கோலியாவரை பரவியிருக்கிறது. நம் வடமேற்கு வறண்ட பகுதிகளிலும் உண்டு. நூறை ஒட்டிய இனங்கள். அமெரிக்கக் கண்டத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நிபுணர்களுக்கு அது வெகுநாள் நினைவில் இல்லை.

1787இல் டென்மார்க்கின் ஃபேப்ரீசியஸ் ஒன்றுக்கு வியாட்டிகா என்று பெயர் வைத்தார். 1793இல் இன்னொன்றுக்கு பைகலர். முன்பாதி சிவப்பு, பின்பாதி கறுப்பு. ரொம்ப யோசித்திருக்க மாட்டார். லின்னேயஸின் சீடர். அந்தக் காலத்தில் எறும்பு என்றால் ஃபார்மிகா, அவ்வளவுதான். சகாரா எறும்பும் சமையலறை எறும்பும் ஒரே பேரினத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன.

அடுத்து பிரெஞ்சு ராணுவம். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது பீரங்கியோடு விஞ்ஞானிகளையும் கப்பலில் ஏற்றினார். அவர்களில் ஒருவர் சாவின்யி, வயது இருபத்தொன்று. பீரங்கி தோற்றது, பூச்சிகள் பத்திரமாக ஊர் வந்தன. அவற்றை நுணுகி நுணுகி வரையவைத்துக்கொண்டிருந்தபோதே சாவின்யியின் கண் கெட்டது. வெளிச்சம் பட்டாலே வேதனை என்று இருட்டறையில் அடைந்துகிடந்தார். படங்களுக்கு விளக்கம் எழுதும் வேலை வேறொருவர் தலையில் விழுந்தது. சாவின்யி செத்துப் பதினொரு வருடம் கழித்து, 1862இல், லெயோன் துஃபூர் ஒரு பாலைவன எறும்புக்கு சாவின்யி என்று பெயர் சூட்டினார். துஃபூர் ஒரு வைத்தியர். இவர் முதல் ஆள்தான், வரிசையாக வருகிறார்கள். நடுவில், கிரேக்கத்துக்குப் போன பிரெஞ்சுப் படையின் பின்னாலேயே 1829இல் போன ப்ரூலே, அங்கிருந்து நோடஸ் என்ற இனத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நாலு சண்டை போட்டிருந்தால் வகைப்பாடு சீக்கிரம் முடிந்திருக்கும்.

1850இல் ஆஹன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஃபோர்ஸ்டர் கையில் சிறகு வைத்த ஓர் ஆண் எறும்பு கிடைத்தது. ஆண் எறும்பைப் பற்றி ஒரு வார்த்தை: அது கூட்டில் எந்த வேலையும் செய்யாது, சொந்த அக்காள் தங்கையின் சாயலும் இருக்காது, கல்யாணம் முடிந்ததும் செத்துப்போகும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு வாத்தியார் புதிய இனம், புதிய பேரினம் இரண்டையும் அறிவித்தார். பேரினத்தின் பெயர் கேட்டகிளிஃபிஸ். அந்தப் புதிய இனம் 57 வருடம் முன்னால் ஃபேப்ரீசியஸ் பெயர் வைத்த அதே பைகலர்தான் என்பது பிறகு தெரியவந்தது. இனப்பெயர் செத்தது, பேரினப் பெயர் பிழைத்தது.

பிழைத்தது என்று சொன்னேனே தவிர, உடனே இல்லை. மெக்சிகோ பக்கம் மைர்மிகோசிஸ்டஸ் என்று ஓர் எறும்பு உண்டு. அதன் வேலைக்காரிகளில் சிலர் வயிறு திராட்சைப்பழமாக உப்பும்வரை தேன் குடித்துவிட்டுக் கூட்டின் கூரையில் தொங்குவார்கள். பஞ்ச காலத்தில் மற்றவர்களுக்குக் கக்கிக் கொடுப்பார்கள். ஓரிடத்தில் தொங்குவது அவர்கள் தொழில், ஓடுவது சகாரா எறும்பின் தொழில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய மனிதர்கள் கூடி இரண்டும் ஒன்றே என்று தீர்மானித்தார்கள். இடையில் ஒரு மகா சமுத்திரம் கிடப்பது யாரையும் உறுத்தவில்லை. நம் ஊர் செட்டிபஸ் இனத்துக்கு 1894இல் ஃபோரெல் பெயர் வைத்ததும் அந்த மெக்சிகோ வீட்டுப் பெயரோடுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்தக் குடும்பம் பாகப்பிரிவினை கண்டது.

அகஸ்ட் ஃபோரெல் சூரிக்கில் மனநல மருத்துவமனையின் தலைவர். சுவிட்சர்லாந்து பிற்காலத்தில் ஆயிரம் பிராங்க் நோட்டில் முன்பக்கம் அவரையும் பின்பக்கம் எறும்புகளையும் அச்சடித்தது. சகாராவின் வெள்ளி எறும்பு பாம்பிசினாவுக்கு 1859இல் பெயர் வைத்த யூலியுஸ் ரோகரும் வைத்தியர். சைலீசியாவில் ஒரு பிரபுவின் அரண்மனை டாக்டர். ஓய்வு நேரத்தில் அந்த வட்டாரத்து நாட்டுப்பாடல்கள் 546ஐத் திரட்டி 1863இல் புத்தகம் போட்டார். எறும்பு, பாட்டு, பிரபுவின் நாடி என்ற வரிசையில்தான் அவர் கவனம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்த வைத்தியர்களில் எனக்குப் பிடித்தவர் ஃபெலிக்ஸ் சான்ட்சி. மற்றவர்கள் ஊசியில் குத்திய எறும்பைப் பார்த்தார்கள். இவர் துனிசியாவின் கைருவான் நகரத்தில் குடியேறி, வைத்தியம் பார்த்துக்கொண்டே ஓடுகிற எறும்பைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் அவரை எறும்பு டாக்டர் என்று அரபியில் கூப்பிட்டார்கள். 1911இல் வெளியான அவருடைய சோதனைக்கு ஆன செலவு ஒரு கண்ணாடி. இரை கவ்விக்கொண்டு வீடு திரும்பும் எறும்பு. சான்ட்சி வெயிலில் மண்டியிடுகிறார். ஒரு தட்டியைப் பிடித்துச் சூரியனை மறைக்கிறார். எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியைச் சாய்த்து அதே சூரியனை அங்கே காட்டுகிறார். எறும்பு நின்று, திரும்பி, வந்த திசைக்கே நடக்கிறது. கண்ணாடியை எடுத்ததும் மறுபடி வீட்டுப் பக்கம். சூரியனைப் பார்த்து வழி பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா? அவர் பெரும்பாலும் இப்படி ஏமாற்றியது மெஸ்ஸார் என்ற தானியம் பொறுக்கும் எறும்பைத்தான். மானம் போனது மொத்த எறும்புக் குலத்துக்கும்.

அல்ஜியர்ஸில் இருந்த என்ஜினியர் கோர்னெட்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. எறும்புக்குத் திசை தெரிவது உள்ளுக்குள் இருக்கும் ஒரு தனிப் புலனால் என்று அவர் கட்சி. அச்சில் சண்டை நடந்தது. சான்ட்சி அதோடு விடாமல், 1923இல் எறும்பைச் சுற்றி ஒரு குழாயை நிறுத்தி, சூரியனே தெரியாத ஒரு துண்டு வானத்தை மட்டும் காட்டினார். அப்போதும் எறும்பு திசை தப்பவில்லை. வானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை, 1940இல் காலமானார். 1949இல் கார்ல் ஃபான் ஃப்ரிஷ் தேனீக்களை வைத்து, முனைவாக்கப்பட்ட ஒளிதான் விஷயம் என்று கண்டுபிடித்தார். ஃப்ரிஷுக்கு 1973இல் நோபல் கிடைத்தது.

சான்ட்சி என்ற இவ்வளவு நல்ல மனிதருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், பெயர் வைப்பது. வாழ்நாளில் சுமார் 2,000 பெயர்கள். ரோமம் சற்று நீளமா, நிறம் ஒரு சாயல் குறைவா, உடனே ஒரு பெயர். பேரினம், இனம், கிளையினம், அதற்கும் கீழே ரகம் என்று நாலு அடுக்கு. அந்தத் தலைமுறையே அப்படித்தான், இவர் கொஞ்சம் தாராளம். நாலாவது அடுக்குப் பெயர்கள் செல்லாது என்று பின்னால் விலங்கியல் பெயரிடல் விதிகள் ஒரேயடியாகத் தள்ளிவிட்டன.

அப்படித் தாழ்வாரத்தில் கிடந்த ரகங்களில் ஒன்று ஃபோர்டிஸ். 1902இல் ஃபோரெல் அதை ஆல்பிகான்ஸ் இனத்தின் ஒரு ரகம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1969இலிருந்து சூரிக்கின் ரூடிகர் வேனர் குழு துனிசியக் கடலோரத்து மஹரஸ் கிராமத்தில் கோடைதோறும் கூடாரமடித்தது. அடையாளம் வைக்க ஒரு புதர்கூட இல்லாத உப்பளங்களில் இந்த எறும்பு கோணல்மாணலாகத் தேடிக்கொண்டு வெகுதூரம் போய், இரை கிடைத்ததும் நேர்க்கோட்டில் வீடு வருவதை அளந்து அளந்து கட்டுரை போட்டார்கள். எல்லாவற்றிலும் பெயர் ஆல்பிகான்ஸ். 1983இல்தான் இது வேறு இனம், ஃபோர்டிஸ், உப்பளங்களையே வாசஸ்தலமாகக் கொண்டது என்று வேனர் திருத்தினார். உலகத்திலேயே வீட்டுக்கு வழி தவறாத பிராணியை அத்தனை வருடம் தப்பு விலாசத்தில் வைத்திருந்தார்கள்.

1990இல் டோனட் அகோஸ்தி மொத்தப் பேரினத்தையும் புரட்டி அடுக்கினார். அவருக்கு முக்கியத் தடயம் ஆண் எறும்பின் பிறப்புறுப்பு. ஃபோர்ஸ்டர் வாத்தியார் சோம்பேறி ஆணிலிருந்து தொடங்கியது அவ்வளவு பெரிய பாவம் இல்லை என்றாயிற்று. 2005இல் மரபணுவைக் கேட்டபோது இன்னொரு வேடிக்கை. துனிசியாவில் பைகலர் என்று வெகுகாலம் பொத்தாம்பொதுவாக அழைத்தது, அடுத்தடுத்த நிலப்பரப்புகளில் வாழும் மூன்று தனி இனங்களாம்: பைகலர், வியாட்டிகா, சாவின்யி. நூற்றைம்பது, இருநூறு வருடப் பழைய பெயர்களே சரி. நடுவில் வந்தவர்கள் கலைத்தார்கள், கடைசியில் வந்தவர்கள் பழையபடி அடுக்கினார்கள்.

ரோகரின் வெள்ளி எறும்பு 53.6 டிகிரி செல்சியஸ் உடல் சூடுவரை தாங்கும். பல்லி ஒளிந்தபிறகு கிளம்பி, தான் வேகுமுன் திரும்ப அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 2019இல் வெளியான அளவுப்படி நொடிக்கு 85 சென்டிமீட்டர் வேகம்; தன் உடல் நீளத்தைப்போல 108 மடங்கு.

ஃபோர்டிஸுக்கு நடந்ததுதான் கொடுமை. திசை சரி, தூரம் எப்படித் தெரிகிறது என்று விட்லிங்கர், வேனர், வோல்ஃப் மூவரும் 2006இல் சோதித்தார்கள். கூட்டிலிருந்து பத்து மீட்டர் நடந்து தீனிக்கு வந்த எறும்பைப் பிடித்து, ஆறு காலிலும் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். வேறு சிலவற்றுக்குக் காலையே நுனியில் வெட்டினார்கள். பொய்க்கால் கட்டியது வீட்டைத் தாண்டி ஏறக்குறைய 15 மீட்டரில் நின்று வாசலைத் தேடியது. கால் குறைந்தது ஆறு மீட்டருக்குள் நின்று தேடியது. எறும்பு எட்டு எண்ணுகிறது! பிறகு அதே பொய்க்காலோடு கூட்டிலிருந்து கிளம்பியபோது போகவும் வரவும் கணக்கு சரியாக இருந்தது. பன்றி முடி வைத்த எறும்புக்குப் புதுப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. சான்ட்சி இருந்திருந்தால் நாலாவது அடுக்கில் நிச்சயம் ஒன்று கொடுத்திருப்பார்.