கொடியில காயுற சரித்திரம்

ஏன்டா தம்பி, முட்டி ரெண்டும் எட்டிப் பாக்குற மாதிரி ஒரு ஜீன்ஸ் போட்டிருக்கியே, அதுக்கு எத்தன வெள்ளி குடுத்த? வேணாம், சொல்லாத. எனக்கு ஏற்கனவே பிரஷர். கிழிஞ்ச துணின்னா வெலையக் கொறைப்பான்னு நெனச்சேன். கிழிச்சுக் குடுத்த கூலியையும் சேத்துல்ல வாங்கியிருக்கான்!

கோவிச்சுக்காத. வா, இந்தப் பெஞ்சுல உக்காரு. ராத்திரி பூரா நீ அந்த ஃபோனுல பொது அறிவுக் கேள்விக்குப் பதில் அமுக்குனத நானும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். குதிகால் ஒசந்த செருப்ப மொதல்ல போட்டது யாரு? பாரசீகத்துக் குதிரைக்காரன். ஒரு டிங். பதினாலாம் லூயி ராசாவோட குதிகாலு என்ன நெறம்? செவப்பு. இன்னொரு டிங். கெட்டிக்காரன்தான். அந்த ராசாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டவன்கூட இவ்வளவு வேகமா சொல்லியிருக்க மாட்டான்.

சரி, தாத்தா ஒண்ணு கேக்குறேன். கொடியில தொங்குதே என் கைலி, கட்டம் போட்டது, அது எந்த ஊருச் சரக்கு?

எங்கடா டிங்கக் காணோம்?

மலாய்க்காரங்க அதக் காயின் பெலிக்காட்னுதான சொல்றாங்க? அந்தப் பெலிக்காட் நம்ம பழவேற்காடுடா. மெட்ராஸுக்கு வடக்க, ஏரிக்கரையில இருக்கு. அங்க 1613-ல டச்சுக்காரன் கெல்டிரியான்னு ஒரு கோட்டை கட்டுனான். எதுக்குன்னு நெனைக்கிற? துணிக்கு. கிராம்பும் சாதிக்காயும் வெளையிற தீவுல போயி வெறுங்காச நீட்டுனா யாரு மதிச்சா? சோழமண்டலக் கரையில நெய்த துணிய விரிச்சுக் காட்டுனாத்தான் அவன் மூட்டைய அவுத்தான். தறியில உக்காந்த நம்மாளு கால் மிதிச்சாத்தான் டச்சுக்காரன் கப்பல் நெறையும்.

அதே டச்சுக்காரன்தான் 1784-ல நம்ம கோலசிலாங்கூருக்கும் வந்தான். மெலாவத்தி மலையப் புடிச்சு, அங்க இருந்த கோட்டைக்குத் தன்னோட கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பேர வெச்சான். அடுத்த வருசமே சுல்தான் இப்ராஹிம் வெரட்டிட்டாரு. பேரு வெச்சவன் போயிட்டான். பீரங்கி துருப்புடிச்சு நிக்குது. நீ அதுமேல ஏறி உக்காந்து படம் எடுத்துக்கிற, உன் பின்னாடி கைலி கட்டுன ஒரு பெரியவர் குரங்குக்குப் பயித்தங்கா போட்டுக்கிட்டு இருக்காரு. படத்துல பீரங்கிய வட்டம் போட்டுக் காட்டுற. அவர வெட்டி எறிஞ்சிடுற. அங்கதான்டா உன் பொது அறிவு சறுக்குது.

குரங்குன்னதும் ஞாபகம் வருது. அந்த மலையில இருக்குற வெள்ளிக்குரங்கு குட்டி போட்டா, குட்டி பளபளன்னு ஆரஞ்சு நெறத்துல பொறக்கும். சில மாசத்துல தானா சாம்பல் நெறத்துக்கு வந்துடும். காசு செலவு கெடையாது. நீ சலூன்ல அரை நாள் தவம் கெடந்து அந்தக் குட்டியோட நெறத்துக்கு வந்திருக்க. தாய்க்குரங்கு தூக்கிட்டுப் போயிடப் போவுது, மலைப்பக்கம் போனா தொப்பி போட்டுக்க.

கட்டம் போட்ட துணிக்கே வர்றேன். அமெரிக்காவுல யேல் யேல்னு ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்குல்ல? அந்த எலைஹு யேல் மெட்ராஸ் ஜார்ஜ் கோட்டையில கவர்னரா இருந்த ஆளு. 1718-ல அமெரிக்காவுல இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒம்பது மூட்டை சரக்கு அனுப்புனாரு. துணிமணியெல்லாம் வித்ததுல ஐநூத்துச் சொச்சம் பவுன் தேறுச்சு. பள்ளிக்கூடத்துக்கு அவர் பேர வெச்சிட்டாங்க. நெய்தவன் பேர எந்தச் சுவத்துல எழுதுனாங்கன்னு நீ ஃபோனுல தேடிச் சொல்லு.

அதவிடப் பெரிய கூத்து 1958-ல நடந்தது. கிருஷ்ணன் நாயர்னு ஒரு ஏற்றுமதிக்காரர், கட்டம் போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணிய ஒரு அமெரிக்க வியாபாரிக்கு வித்தாரு. "ஐயா, இது சாயம் போகும், பச்சத்தண்ணியில பதமா அலசணும்"னு சொல்லித்தான் குடுத்தாராம். வாங்குனவன் அந்தச் சேதிய மட்டும் கடைக்குச் சொல்ல மறந்துட்டான். ப்ரூக்ஸ் பிரதர்ஸ்னு நியூயார்க்குல ஒரு பெரிய கடை அதச் சட்டையாத் தைச்சு வித்துச்சு. வாங்குன தொரைமாருங்க வாஷிங் மெஷின்ல போட்டாங்க. மஞ்சள் ஓடிப்போயி நீலத்துல கலந்துச்சு, செவப்பு போயி வெள்ளத் துண்டுல ஒட்டிக்கிச்சு. வக்கீல் வரைக்கும் போயிடுச்சு பேச்சு.

அப்பறம் என்ன ஆச்சு தெரியுமா? நீதான் விளம்பரப் படிப்பு படிக்கிறவனாச்சே, நல்லாக் கேட்டுக்க. சாயம் போறதையே பெருமையாக்கிப்புட்டாங்க. ஒவ்வொரு தரம் தொவைக்கும்போதும் புதுச்சட்ட கெடைக்கிற அதிசயத் துணின்னு பத்திரிகையில பக்கம் பக்கமா எழுதுனாங்க. சனம் அடிச்சுப் புடிச்சு வாங்குச்சு.

இதே சாயம் நம்ம ரப்பர்த் தோட்டத்து லயத்துல போயிருந்தா? உன் அப்பன் பள்ளிக்கூடச் சட்டையில என் கைலிச் சாயம் ஒருநாள் ஏறிடுச்சு. உன் பாட்டி அந்த வாளியத் தூக்கி முத்தத்துல வீசுன வீச்சு இருக்கே, கிராணி வீட்டு நாயி எங்க வீட்டுப் பக்கமே வரல. அதுக்கப்பறம் புதுக்கைலி வந்தா மூட்டுறதுக்கு முன்னாடியே உப்புத்தண்ணியில ஊறப்போட்டுத் தனியா அலசுவா. நியூயார்க்குக் கடைக்காரனுக்கு ஒரு புடி உப்பு பத்தி யாராச்சும் சொல்லியிருக்கலாம்.

ஜீன்ஸுக்கு வருவோம். அது உனக்குத் தெரியும்ங்கற? லீவாய் ஸ்ட்ராஸ், 1873, டிங். பாதிதான் சரி. யோசனை ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையக்காரனோடது. வேலைக்குப் போற புருசன் காச்சட்ட நிக்கவே மாட்டேங்குதுன்னு ஒருத்தி வந்து கேக்கப் போயி, பையோரத்துல செம்பு ஆணி அடிச்சுக் குடுத்தான். காப்புரிமைக்குக் கையில காசு இல்லாம, துணி குடுக்குற ஸ்ட்ராஸக் கூட்டுச் சேத்துக்கிட்டான். கிழியக்கூடாதுன்னு ஆணி அடிச்ச துணிடா அது! அதத்தான் நீ பண்டல் கடையில மூட்டையக் கிளறி, எந்த நாட்டுக்காரனோ போட்டுக் கழிச்சத, முட்டியில ஓட்டை பெருசா இருக்கான்னு பாத்து எடுத்துட்டு வர்ற. எங்க காலத்துல பழந்துணி கட்டுறத வெளிய சொல்ல மாட்டோம். நீ வெலைச்சீட்டோட படம் புடிச்சுப் போடுற.

போன மாசம் மால்ல ஒரு பொம்மையப் பாத்தேன். கீழ சாரோங் மாதிரி ஒண்ணு. மேல ஆம்பளச் சட்ட, முழுக்கை, தொட வரைக்கும் தொங்குது. தலையில ஒரு துண்டு. சட்டையில கருப்புக் கருப்பா பொட்டு வேற தெளிச்சிருக்கான். நின்ன எடத்துலயே நின்னுட்டேன். உன் பாட்டி விடியக்காலம் பெரட்டுக்குப் போற கோலம் அப்படியே! என் பழைய சட்டையத்தான் போடுவா. கொசுவுக்குப் பயந்து கைய மடிக்க மாட்டா. ரப்பர்ப்பால் தெறிச்சுக் காஞ்ச எடமெல்லாம் கருத்துப் போயி நிக்கும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அந்தப் பொம்மைய அவ பாத்திருந்தா, "உனக்கு எந்த நெரைடீ குடுத்தான் கங்காணி?"ன்னு கேட்டிருப்பா.

நீ ரப்பரக் கேவலமா நெனைக்காத. 1823-ல மேக்கின்டோஷ்னு ஸ்காட்லாந்துக்காரன் துணிக்கு நடுவுல ரப்பரத் தடவி மழைக்கோட்டு செஞ்சான். வெயில்ல ஒட்டும், குளிர்ல வெறைக்கும். குட்இயர் வந்து கந்தகம் சேத்துக் காச்சுனப்பறம்தான் ஒழுங்குக்கு வந்துச்சு. உன் உள்காச்சட்ட இடுப்புல நிக்கிறதுக்கும் ரப்பருக்கு ஒரு கும்புடு போடு.

இப்ப ரப்பர் போயி எங்க பாத்தாலும் செம்பனை. அதுவும் ஒரு காலத்துல ஃபேஷன்தான், தெரியுமா? 1848-ல ஜாவாவுல போகோர் பூங்காவுக்கு நாலு கன்னு வந்துச்சு. அதோட வாரிசையெல்லாம் சுமத்ராவுல பாதையோரம் அழகுக்கு நட்டு வெச்சாங்க. அங்கருந்து வித்து வாங்கியாந்து, நம்ம பத்தாங் பெர்ஜுந்தையில, அதான் நீங்க இப்ப பெஸ்தாரி ஜெயாங்கறீங்களே, அங்க தென்னமராம் தோட்டத்துல 1917-ல யாவாரத்துக்கு நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியேங்கற பிரெஞ்சுக்காரர். இந்த நாட்டுல மொத செம்பனைத் தோட்டம் அதுதான். பேரக் கேட்டா தென்னந்தோப்புன்னு நெனப்ப, நெசத்துல அங்க வந்தது செம்பனை. அவரு மலாயாவப் பத்தி எழுதுன நாவலுக்கு 1930-ல பிரான்சுல கோன்கூர் பரிசே குடுத்தாங்க.

அழகுக்கு வெச்ச மரத்தடியில நம்ம சனம் காலங்காலமா குனிஞ்சு உதிரிப்பழம் பொறுக்குச்சு. நிமிந்து அழகப் பாக்க யாருக்கு நேரம்? இப்ப நீ உன் கூட்டாளிகளோட அங்க போட்டோ புடிக்கப் போறியாம், பேக்ரவுண்டு சூப்பரா இருக்காம். போயிட்டு வா. முள்ளு மட்டை குத்தும், எலியத் தேடிப் பாம்பு வரும். அந்த ஓட்டை ஜீன்ஸக் கழட்டி வெச்சுட்டு, என் பூட்ஸ மாட்டிக்கிட்டுப் போ. பேஷனா இல்லையேங்கறியா? பாம்புகிட்ட கேட்டுப் பாரு.