பச்சைச் சட்டைக் கணக்குப்பிள்ளை

அக்டோபர் கடைசியில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து ரெஜைனா ஊர்க்காரர் ஒருவரிடம், பச்சைச் சட்டை போடும் அவர் ஊர் ஃபுட்பால் அணியைப் பற்றி, "ரைடர்ஸ் பிளேஆஃபுக்குள் போய்விடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். போகும், போகாது என்று சொன்னால் அவர் வெறும் ரசிகர். "அது கல்கரி அணி கையில் இருக்கிறது" என்று சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தால், மாட்டிக்கொண்டீர்கள்.

கனடிய ஃபுட்பால் லீகில் மொத்தமே 9 அணிகள். அதில் 6 அணிகளுக்கு, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் இடம் உண்டு. வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இலை போடும் பந்தியில் இத்தனை தவிப்பா என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முழுவதும் படித்துக் காட்டுவார்.

வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. 18 ஆட்டம் ஆடியும் இரண்டு அணிகள் சமமாக நின்றால், யாருக்கு வெற்றி அதிகம் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் அவை நேருக்கு நேர் மோதிய ஆட்டங்கள். அதற்கும் மேல் போனால், அந்த ஆட்டங்களில் யார் எத்தனை புள்ளி கூடுதல். இந்த ஆட்டத்தில் கோலுக்கு உதைத்த பந்து குறி தவறினாலும், எதிரணி அதைத் தன் கோல் கோட்டுக்கு வெளியே கொண்டுவர முடியாவிட்டால் ஒரு புள்ளி உண்டு. ஜூலையில் அப்படி வந்த ஒற்றைப் புள்ளியை நம்மவர் இன்னும் வட்டி போட்டு வைத்திருக்கிறார்.

மேற்குப் பிரிவில் நான்காவதாக வந்தாலும் அவர் கலங்கமாட்டார். கிழக்குப் பிரிவின் மூன்றாவது அணியைவிடப் புள்ளி அதிகம் இருந்தால், கிழக்கு வாசல் வழியாக நுழையலாம். 2017இல் ரைடர்ஸ் அப்படித்தான் போய், ஒட்டாவாவை வென்று, டொரொன்டோவிடம் 25–21 என்று தோற்றது. அந்த வாசலில் போன எந்த அணியும் கிரே கோப்பை இறுதியாட்டத்தை எட்டியதில்லை. தெரியும். தாளில் அதற்குக் கட்டம் போடவில்லை.

சங்கடமெல்லாம் பரம எதிரியான வினிபெக் அணி ஜெயிக்க வேண்டியிருக்கும் வாரத்தில்தான். 2003இல் வினிபெக்கின் உதைப்பாளர் டிராய் வெஸ்ட்வுட், சஸ்காச்சுவான்காரர்களை பாஞ்சோ மீட்டும், சொந்தத்துக்குள்ளேயே பிறந்த கூட்டம் என்று ஏசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார்: அவர்களில் பெரும்பாலோருக்கு பாஞ்சோ வாசிக்கவே தெரியாதாம்! அந்த ஊருக்கா கைதட்டுவது? தட்டுகிறார். தடித்த கம்பளிக் கையுறையோடு தட்டினால் சத்தம் வராது என்பது அவர் கண்டுபிடிப்பு. ரைடர்ஸ் ரசிகர்கள் வழக்கப்படி, தலையில் குடைந்த தர்பூசணிதான் தொப்பி. அதன் சாறு காதோரமாக இறங்கிக் காலருக்குள் போவதைக்கூட உணராமல் டிவியையே பார்க்கிறார்.

வினிபெக் ஜெயித்துவிட்டது. ரைடர்ஸ் உள்ளே! தெருவெல்லாம் கார் ஹாரன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். நம்மவர் முகத்தில் மட்டும் களையில்லை: கணக்கு முடிந்துவிட்டதே! அதுவும் ஒரு நிமிடம்தான். இரண்டாம் இடம் கிடைத்தால் அரையிறுதி சொந்த ஊரில் அல்லவா? வான்கூவர் ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லையே!

"கொஞ்சம் இருங்க," என்று பக்கத்து வீட்டுக்காரரை விலக்கிவிட்டுப் பேனாவைத் தேடுகிறார்.